மடக்கெழுத்தாணி

எலும்புப் பிடி போட்ட பழைய வில்லுக்கத்திகளைச் சேகரிப்போர் பல நாடுகளிலும் உள்ளனர். எங்கள் முன்னோரிடமும் அத்தகைய கருவி ஒன்று இருந்தது: மடக்கெழுத்தாணி. எலும்பு, கொம்பு அல்லது தந்தத்தாலான பிடிக்குள் கத்தியும் எழுத்தாணியும் மடங்கியிருக்கும். கத்தியால் பனையோலையை நறுக்கி, எழுத்தாணியால் கீறி எழுதினர். பின்பு கரி பூசித் துடைக்க எழுத்துத் தெளிவாகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஆகவே, பனை சூழ்ந்த பருத்தித்துறையில் எந்த வீட்டுப் பெட்டகத்திலாவது இக்கருவி எஞ்சியிருந்தால், அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எலும்புப் பிடியை நீரில் ஊறவைத்தால் வெடிக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். இரும்புக்கு மட்டும் சிறிது எண்ணெய் பூசுங்கள். பளபளப்பாக்கத் தேய்த்தால், பலர் கைபட்டு ஏறிய மெருகு போய்விடும். யார் வைத்திருந்தது, எதை எழுதியது என்று மூத்தோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழ்திக் கூடவே வையுங்கள்.