உங்களுக்குத் தெரியுமா? கிரியேட்டினின் குறைந்தாலும் கவனிக்க வேண்டும்!

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் குறைவாக வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறோம். முதியவர்களிடம் அதே எண், தசை கரைந்துபோனதன் அடையாளமாகவும் இருக்கலாம்!

கிரியேட்டினின் தசையில் உருவாகும் கழிவு. தசை மெலிந்தால் அதன் உற்பத்தியும் குறையும். அதனால் பழுதான சிறுநீரகம்கூட நல்லதுபோலத் தெரியும். சிஸ்டாடின் சி என்ற புரதம் தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. இரண்டையும் ஒப்பிட்டால் தசை இழப்புக்குத் துப்புக் கிடைக்கும்.

• தசை இழப்பு, முதுமைத் தளர்ச்சியோடு (frailty) சேர்ந்து வருவதுண்டு. தளர்ச்சியுற்ற முதியோரிடம் இன்டர்லியூக்கின்-6, சி.ஆர்.பி. ஆகிய அழற்சிக் குறிகள் கூடியும், ஹீமோகுளோபின், அல்புமின் குறைந்தும் காணப்படுவதுண்டு.

• 2017-18இல் தமிழ்நாடு உட்பட நாடெங்கும் 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'லாசி' முதுமை ஆய்வில் விரல் நுனி ரத்தச் சொட்டுகளைத் தாளில் உலர்த்திச் சேகரித்தார்கள். தசையின் வலுவை அறியக் கைப்பிடி வலுவையும் அளந்தார்கள்.

• ரத்தம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. காரணமில்லாத எடை இழப்பு, தீராத களைப்பு, பிடி தளர்வு, மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். 2001இல் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைட் குழு வகுத்த இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே தளர்ச்சி நிலை.

கலவை, ஆற்காடு, ஆம்பூர் வட்டாரத்தினருக்கு ஒரு நல்ல செய்தி: வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. வீட்டுப் பெரியவர் மெலிந்துகொண்டே போனால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.