தென்கரையில் பிறந்த வெண்கலக் குரல்



மெக்சிகோ நாட்டில் பெட்ரோ இன்ஃபாந்தே என்று ஒரு பாட்டுக்கார நடிகர். நம்மைப் போல் கைத்தொழில் படித்தவர்; தச்சு வேலை! 1957 ஏப்ரல் 15ல் விமான விபத்தில் மறைந்தார். இன்றும் அந்த நாளில் ரசிகர்கள் அவர் கல்லறையில் கூடிப் பாடுகிறார்கள். "அதனால் நமக்கென்ன?" என்கிறீர்களா? அப்படிப்பட்ட ஒருவர் நம்ம அலங்காநல்லூருக்குப் பக்கத்துக்காரர்தான்! சோழவந்தானை அடுத்த, வைகைக் கரைத் தென்கரையில் 1924ல் பிறந்த டி.ஆர். மகாலிங்கம்.

சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். மைக் பரவாத காலம் அது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். அதனால்தான் நாடகக்காரர்கள் சுருதியை ஏற்றி வைத்துப் பாடினார்கள். ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டையை ஆதார சுருதியாக வைத்தால் 'ஒரு கட்டை'. ஐந்தாவதை வைத்தால் 'ஐந்து கட்டை'. எஸ்.ஜி. கிட்டப்பாவின் அந்த உச்சஸ்தாயி வழியில் வந்தவர் மகாலிங்கம்.

1938ல் 'நந்தகுமார்' படத்தில் அறிமுகம். 1945ல் ஏவி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி'யில் முருகனாக வந்து நாட்டையே பாட வைத்தார். 1947ல் 'நாம் இருவர்'. பணம் குவிந்தது. மகன் சுகுமார் பெயரில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அங்கேதான் சறுக்கல்! சொந்தப் படங்களில் நஷ்டம், கடன். போதாததற்குப் பின்னணிப் பாட்டு முறை வேரூன்றிவிட்டது. பாடத் தெரியாதவரும் கதாநாயகன் ஆகலாம் என்றானபின் பாடும் நடிகருக்கு ஏது கிராக்கி?

ஆனால் கற்ற வித்தையைக் கடன்காரன் ஜப்தி செய்ய முடியுமா? 1958ல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' எடுத்து அவரைக் கதாநாயகனாக்கினார். குரல் மறுபடி ஜெயித்தது. 1965ல் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதரிடம் தோற்றுவிடுவோமோ என்று நடுங்கி, மதுரைச் சொக்கனிடம் முறையிடும் பாணபத்திரராக அவர் வந்தார். விழுந்து எழுந்த மனிதர் அல்லவா? அது நடிப்பாகவே தெரியவில்லை!

1978 ஏப்ரல் 21ல், 53 வயதில் மறைந்தார். அரியர்ஸ் விழுந்தால் உலகமே முடிந்தது என்று உட்கார்ந்துவிடும் நண்பனே, ஒருமுறை தென்கரைக்குப் போய் வா. தோற்றது அவர் முதலீடுதான், குரல் அல்ல!