நியூயார்க் சமூகத் தோட்டங்களின் நில உரிமை மாற்றம்

நியூயார்க் சமூகத் தோட்டங்களின் நில உரிமை மாற்றம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகர அரசுக்குச் சொந்தமாயிருந்த மனைகள், அவற்றில் தோட்டம் அமைத்த மக்களின் பயன்பாட்டிற்காக இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மாற்றப்பட்டதைக் குறிக்கும். 1999 ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இவ்வாறு கைமாறின. ஓர் இடத்தைப் பயன்படுத்த அனுமதி பெறுவதற்கும் அதன் உரிமையைப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் நிகழ்வாக இது அமைந்தது.

பின்னணி

1970களில் நியூயார்க் நகரம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. வறிய பகுதிகளில் உரிமையாளர்கள் பலர் கட்டடங்களைக் கைவிட்டனர். அவற்றுட் பல தீக்கிரையாயின, பல இடிக்கப்பட்டன. செலுத்தப்படாத சொத்து வரிக்காக ஆயிரக்கணக்கான மனைகள் நகர அரசின் உடைமையாகி, குப்பை மேடுகளாகக் கிடந்தன.

1973 இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரும் 'பசுமைக் கெரில்லாக்கள்' என்ற அவரது குழுவினரும் மன்ஹாட்டனில் பவரி, ஹவுஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையிலிருந்த மனையைத் துப்புரவு செய்து தோட்டமாக்கினர். அடுத்த ஆண்டு நகர அரசு அதனை மாதம் 1 டாலர் வாடகைக்கு அவர்களுக்கு வழங்கியது. 1978 இல் 'கிரீன்தம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டு, பிற குழுக்களுக்கும் பெயரளவிலான தொகைக்கு மனைகள் குத்தகைக்கு விடப்பட்டன. எனினும் இவை தற்காலிக ஏற்பாடுகளே. நிலம் வேறு தேவைக்கு வேண்டுமெனில் நகர அரசு அதனைத் திரும்பப் பெறலாம்.

1999 ஏலமும் விற்பனையும்

தோட்டங்களால் சுற்றுப்புறம் சீரடைந்தது. நிலத்தின் விலையும் உயர்ந்தது. 1998 இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் பல தோட்டங்களைப் பூங்காத் துறையிடமிருந்து வீட்டுவசதித் துறைக்கு மாற்றியது. 1999 மே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடவும் முடிவு செய்தது. வீடுகள் கட்ட நிலம் தேவை என்பது அரசின் வாதம். தோட்டமில்லா வெற்று மனைகள் பல இருக்க, மக்கள் உழைப்பால் உருவானவற்றை விற்பது ஏன் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி.

ஏலத்திற்கு முந்தைய நாள் உடன்பாடு ஏற்பட்டது. 'பொது நில அறக்கட்டளை' அறுபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களையும், நடிகை பெட் மிட்லர் 1995 இல் நிறுவிய 'நியூயார்க் மறுசீரமைப்புத் திட்டம்' ஐம்பதுக்கும் மேற்பட்ட தோட்டங்களையும் வாங்கின. மொத்த விலை சுமார் 42 இலட்சம் டாலர்.

2002 உடன்பாடு

விற்பனையில் இடம்பெறாத தோட்டங்களுக்கான ஆபத்து நீங்கவில்லை. 2000 பெப்ரவரியில், லோயர் ஈஸ்ட் சைடு பகுதியிலிருந்த எஸ்பெரான்சா தோட்டம் இடிக்கப்பட்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் தொடுத்த வழக்கில் நீதிமன்றத்தின் தடையாணை அதே நாளில் வந்தும் அத்தோட்டத்தைக் காக்க இயலவில்லை. 2002 இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம் சுமார் 400 தோட்டங்கள் பாதுகாக்கப்பட்டன. வேறு சில மனைகள் வீடுகள் கட்ட ஒதுக்கப்பட்டன.

உரிமை வகைகள்

* அனுமதி அல்லது குறுகியகாலக் குத்தகை: செலவு மிகக் குறைவு, பாதுகாப்பும் குறைவு. நிலம் நகர அரசுடையதாகவே இருக்கும்.
* பூங்கா நிலம்: உரிமை நகர அரசிடமே இருப்பினும், மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி வேறு பயன்பாட்டிற்கு மாற்ற இயலாது.
* நில அறக்கட்டளையின் உரிமை: ஆட்சி மாற்றம் நேரடியாகப் பாதிக்காது. ஆனால் காப்பீடு, நடைபாதைச் செப்பனிடல் முதலிய பொறுப்புகள் அறக்கட்டளையைச் சேரும்.

பொது நில அறக்கட்டளை தான் வாங்கிய தோட்டங்களைப் பின்னர் மன்ஹாட்டன், பிராங்க்ஸ், புரூக்ளின்-குயின்ஸ் ஆகிய பகுதிகளுக்கென உருவான மூன்று நில அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்தது. இதனால் தோட்டக்காரர்களே நிலத்தின் நிர்வாகத்தில் பங்கு பெற்றனர்.

விமர்சனங்கள்

பொது நிலத்தை மக்கள் பயன்படுத்த, அதனைத் தனியார் நன்கொடையால் விலைக்கு வாங்க நேர்ந்தது குறையாகச் சுட்டப்பட்டது. மறுபுறம், நகரில் குறைந்த வாடகை வீடுகளுக்கான தேவையும் கடுமையாக உள்ளது. எனவே நகர அரசின் மனைகளில் எஞ்சியுள்ள தோட்டங்கள் குறித்து இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான பூசல் தொடர்கிறது.