ஹார்வர்டின் ஞாபகார்த்த மண்டபம்

அமெரிக்காவில், ஹார்வர்டு சர்வகலாசாலையின் முதலாண்டு மாணவர்கள் உணவருந்தும் பெருங்கூடம் ஒரு புறமும், சங்கீதக் கச்சேரிகளும் பிரசங்கங்களும் நிகழும் சாண்டர்ஸ் அரங்கம் மறு புறமுமாக விளங்க, இரண்டுக்கும் இடையே, ஓங்கிய மர விதானத்தோடும் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களோடும் அமைந்த நடைக்கூடமே, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வடபகுதியின் பக்கம் நின்று உயிர்நீத்த அக்கலாசாலை மாணாக்கரின் ஸ்மாரகம். பழைய மாணவர்களே பொருள் திரட்ட, பழைய மாணவர்களான வேர், வான் பிரண்ட் என்னும் இருவரே திட்டம் வகுக்க, 1870-இல் அஸ்திவாரம் இடப்பட்டு, 1874-இல் இக்கூடம் அர்ப்பணம் செய்யப்பட்டது.

சுவரோரமாக 28 வெண்சலவைக்கல் பலகைகள். அவற்றில் 136 பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் மாண்ட நாளும் இடமும். மாண்டவர்களுக்கு எங்கோ ஒரு தூணை நாட்டி, வேலியிட்டு, வருஷத்துக்கொரு முறை மாலை சாத்திவிட்டு வருவதைக் காட்டிலும், பசியோடு விரைகிற இளம்பிள்ளைகளின் அன்றாடப் பாதையிலேயே அவர்களை நிறுத்திவைத்த இந்த ஏற்பாடு எவ்வளவோ மேலானது என்பேன்.

அப்பெயர்களுள் ஒன்று ராபர்ட் கூல்டு ஷா. படிப்பை முடிக்காமலே வெளியேறியவர். கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54-ஆவது படைக்குக் கர்னலாகி, 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை மதிலின்மேல், 25-ஆவது வயதில் வீழ்ந்தவர். அவரை இழிவுபடுத்துவதாக எண்ணி, பகைவர் அவருடைய உடலைக் கறுப்பு வீரர்களின் சடலங்களோடு ஒரே குழியில் தள்ளி மூடினர். அதை மீட்டு வர முயற்சி நடந்தபோது, தம் மகனுக்கு அதைவிடக் கௌரவமான இடம் வேறில்லையென்று தந்தையார் தடுத்துவிட்டார்.

தென்பகுதிக்காக மடிந்த ஹார்வர்டு மாணவர்களின் பெயர்கள் இங்கே இல்லை. அவற்றையும் பொறிக்க வேண்டுமென்ற வாதம் அவ்வப்போது எழுந்ததுண்டு. இதே கலாசாலையில் 1932-இல் திறந்த ஞாபகார்த்த தேவாலயத்தில், முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனியின் பக்கம் போரிட்டு மாண்ட பழைய மாணவர்களுக்கும் லத்தீன் மொழியில் ஒரு பலகை உண்டே என்பது அவ்வாதத்துக்குத் துணை. தென்பகுதியாரின் தாய்மாரும் கண்ணீர் விட்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கும் உரிமையைக் காக்க எழுந்த அரசுக்காக மாண்டவர்களை, அவ்வுரிமையை ஒழித்த தரப்பில் நின்று மாண்டவர்களோடு சமமாக வைக்க மனம் ஒப்பவில்லை. புதிதாகப் பெயர் சேர்ப்பதென்று என்றேனும் முடிவானால், கலாசாலை வாசலையே மிதித்தறியாமல், ஷாவோடு அந்த ஒரே குழியில் புதையுண்ட வீரர்களின் பெயர்களையே முதலில் பொறிக்கவேண்டும்.