உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலி டூ ஜெர்மனி: பாதி நகரம், பாதி கிராமம்!

பிள்ளைகளுக்கு மெட்ரோவும் மாலும் வேண்டும். தாத்தா பாட்டிக்கு மரநிழல் வேண்டும். கவலையை விடுங்கள், நெய்வேலிக்காரர்களே! ஜெர்மனியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்!

நம்ம சுரங்கத்தில் மண் அள்ளும் பக்கெட் வீல் ராட்சதர்களுக்குப் பூர்வீகம் எது? அதே ஜெர்மனிதான்! குடும்பத்தோடு போனால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி!

பெர்லினில் 37 லட்சம் பேர்! நெரிசல் அலுத்ததா? ரயில் ஏறுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் ஸ்ப்ரேவால்ட்! தெருவுக்குப் பதில் வாய்க்கால்! துறையில் பீப்பாயில் ஊறிய வெள்ளரிக்காய் விற்பார்கள். விடாதீர்கள்!

அங்கே லேடே என்று ஒரு கிராமம். கோடை வந்தால் தபால்காரர் மஞ்சள் படகில், கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்து கடிதம் கொடுக்கிறார். எப்போதிலிருந்து? 1897-லிருந்து!

பக்கத்திலேயே சென்ஃப்டென்பெர்க் ஏரி. குளியல், படகு, மணல் கரை! அது ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்! 1973-லேயே ஜனங்கள் குளிக்க இறங்கிவிட்டார்கள்!

லிக்டர்ஃபெல்ட் கிராமத்தில் எஃப்-60 நிற்கிறது. சுரங்க மண்ணைக் கடத்திய இரும்புப் பாலம். நீளம் 502 மீட்டர்! ஈஃபிள் கோபுரத்தைப் படுக்க வைத்தாலும் 172 மீட்டர் குறையும்! எடை 11,000 டன். வேலை பார்த்ததோ வெறும் 13 மாதம்! இப்போது பேரப்பிள்ளைகளோடு மேலே ஏறிப் பார்க்கலாம்!

லைப்சிக் நகரம். இசை மேதை பாக் 27 ஆண்டுகள் பணியாற்றிய ஊர்! நகரின் தெற்கு ஓரத்திலேயே கோஸ்புடன் ஏரி. அதுவும் பழைய சுரங்கமே! 2000-ல் திறந்தார்கள்!

கொலோன் பேராலயம் பார்க்காமல் வராதீர்கள். 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்தார்கள். 632 ஆண்டுகள்!

கொலோனுக்கு மேற்கே வயல்வெளி தாண்டினால் ஹம்பாக் சுரங்கம். அங்கே உழைப்பது பேகர் 293! 96 மீட்டர் உயரம், 14,200 டன்! நம்ம பக்கெட் வீலுக்குப் பெரியண்ணன்! ஒரே நாளில் அள்ளுவது 2,40,000 கன மீட்டர்!

அவ்வளவு பெரிய குழியை விளிம்பில் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே பார்க்கலாம். தாத்தாவுக்கென்றே போட்ட மாதிரி!

செலவு? பெருநகர டிராம், கிராமத்து பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே மாத டிக்கெட்! 2023 மே 1-ல் 49 யூரோவுக்கு வந்தது, பிறகு விலை ஏறியது. 6 வயது ஆகாத பிள்ளைகளுக்கு? 0 யூரோ!