வயிற்றுவலியும் குடாக்கடலும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

வயிற்றுவலி நோயன்று, நோயின் அறிகுறியே. செரியாமையால் எழும் வலியும் உயிரைப் பறிக்கும் வலியும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். இதற்குக் குடல்வளரி அழற்சி தக்க சான்றாகும்.

குடல்வளரியின் துவாரம் அடைபட்டால் அது வீங்குகிறது. உள்ளுறுப்பு நரம்புகள் வலியின் இடத்தைத் துல்லியமாக உணர்த்தா. ஆதலின் முதலில் தொப்புளைச் சுற்றியே நோகும். அழற்சி வயிற்றறையின் உட்சவ்வைத் தொட்டதும் வலி வலது அடிவயிற்றில் நிலைகொள்ளும். மக்பர்னி என்னும் அமெரிக்க மருத்துவர் 1889இல் விவரித்த இடம் இதுவே. காலந்தாழ்த்தின் குடல்வளரி வெடித்துச் சீழ் பரவலாம். காரணம் அறியுமுன் பேதிமருந்து கொடுத்தல் ஆகாது.

சில மணி நேரமாக வலுத்துவரும் வலி, பலகைபோல் விறைத்த வயிறு, இரத்தவாந்தி, கருமலம், மலமும் வாயுவும் வெளியேறாமை, மயக்கம், கர்ப்பிணியின் கடும் வலி, மார்புக்குப் பரவும் வலி ஆகியன உடனே வைத்தியசாலையை நாடவேண்டிய குறிகள்.

தாமதத்தை அறியாமை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மூதூர் மக்கள் திருகோணமலையை அடையக் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்தனர். தரைவழியிலும் நீர்த்துறைகளைப் பாதையேறியே தாண்டினர். இரவில் நோவு கண்டவர் 'விடியட்டும்' என்றதற்குக் கடலே காரணமாயிற்று. கடற்றொழிலாளிக்கோ வைத்தியசாலையில் கழியும் நாள் கூலியற்ற நாள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இன்று 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. தூரம் குறுகிவிட்டது, 'விடியட்டும்' என்னும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். நாட்கூலியின் இழப்பை ஈடுசெய்யும் வழியைச் சமூகமே காணவேண்டும்.