கட்டுமானத் திட்டங்களில் இடர் மேலாண்மை

கட்டுமான இடர் மேலாண்மை என்பது ஒரு திட்டத்தின் செலவு, காலம், தரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பாதிக்கக்கூடிய நிகழ்வுகளை முன்கூட்டியே கண்டறிந்து, மதிப்பிட்டு, எதிர்கொள்ளத் திட்டமிடும் பணியாகும். ஒப்பந்த நிறுவனங்கள் வேலை தொடங்கும் முன்பே விலையைக் கூறிவிடுகின்றன. அவற்றின் இலாப விகிதமும் பொதுவாகக் குறைவு. எனவே ஒரு பெரிய திட்டத்தில் ஏற்படும் இழப்பு, பல திட்டங்களின் இலாபத்தை அழித்துவிடக்கூடும்.

இடர்களின் வகைகள்

எதிர்பாராத பாறை, நிலத்தடி நீர் போன்றவை நிலம் சார்ந்த இடர்கள். சிமெண்ட், இரும்புக் கம்பி ஆகியவற்றின் விலை உயர்வும் பட்டியல் தொகை தாமதமாகக் கிடைப்பதும் நிதி இடர்கள். வரைபட மாற்றம், துணை ஒப்பந்ததாரர் பாதியில் விலகுதல், மழை, விபத்து ஆகியவையும் இடர்களே.

மதிப்பிடுதல்

கண்டறிந்த ஒவ்வோர் இடரும் இடர்ப் பதிவேட்டில் எழுதப்பட்டு, அதற்குப் பொறுப்பானவர் குறிக்கப்படுகிறார். நிகழும் வாய்ப்பையும் இழப்பையும் பெருக்கினால் எதிர்பார்க்கத்தக்க இழப்பு கிடைக்கும். காட்டாக, 50 இலட்சம் ரூபாய் இழப்பு ஏற்பட 10 விழுக்காடு வாய்ப்பு இருந்தால், அதன் மதிப்பு 5 இலட்சம் ரூபாய். ஆனால் அது உண்மையில் நிகழ்ந்தால் செலவாவது முழு 50 இலட்சமே. ஆகவே அந்த இழப்பை நிறுவனம் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிர்கொள்ளும் முறைகள்

1. தவிர்த்தல்: தாங்க முடியாத நிபந்தனையுள்ள ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்காதிருத்தல்.
2. குறைத்தல்: விலை கூறும் முன் மண் பரிசோதனை அறிக்கையை ஆராய்தல்.
3. மாற்றுதல்: காப்பீடு பெறுதல், விலை மாறுபாட்டு விதியை ஒப்பந்தத்தில் சேர்த்தல்.
4. ஏற்றல்: சிறிய இடர்களுக்கு இருப்பு நிதி ஒதுக்குதல்.

துணை ஒப்பந்ததாரரிடம் இடரை மாற்றினாலும், அவர் நொடித்துப்போனால் அது முதன்மை ஒப்பந்ததாரரிடமே திரும்பும்.

ஒப்பந்தத்தின் பங்கு

உரிமை இருந்தும் அறிவிப்புத் தாமதத்தால் அதனை இழப்பதுண்டு. ஃபிடிக் அமைப்பின் 1999ஆம் ஆண்டு சிவப்பு நூல் ஒப்பந்தத்தின்படி, கூடுதல் காலமோ பணமோ கோரும் ஒப்பந்ததாரர், காரணமான நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்; தவறினால் உரிமை போய்விடும். எனவே நாட்குறிப்பு, ஒளிப்படம், கடிதம் ஆகியவற்றை அன்றாடம் பேணுவதும் இடர் மேலாண்மையின் பகுதியாகும்.

காரில்லியன் நிறுவனம்

பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான காரில்லியன், 2017 சூலையில் தன் ஒப்பந்தங்களின் மதிப்பை 84.5 கோடி பவுண்டு குறைத்து அறிவித்தது. 2018 சனவரி 15 அன்று அது கலைப்புக்குச் சென்றபோது, கையிருப்பு ஏறத்தாழ 2.9 கோடி பவுண்டு; கடப்பாடுகளோ 700 கோடி பவுண்டை நெருங்கின. அது கட்டிவந்த ராயல் லிவர்பூல் மருத்துவமனையில் கல்நார் கண்டறியப்பட்டதும் கற்காரை உத்தரங்களில் விரிசல் ஏற்பட்டதும் பணியைத் தாமதப்படுத்தின. 2017இல் திறக்கத் திட்டமிடப்பட்ட அம்மருத்துவமனை, 2022இல்தான் திறக்கப்பட்டது. அதன் வீழ்ச்சியால் ஊழியர்களும், பணம் வரவேண்டியிருந்த சிறு துணை ஒப்பந்ததாரர்களும் பாதிக்கப்பட்டனர்.